வாஷர் அண்ணன் வீட்டுக் குருவிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, வாய் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இந்த வாயால் ஒரு நல்ல மனுஷனுக்கு நான் செய்த கெடுதலை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கிடக்கும். அதனால் தெருவுக்கே அவர் வாஷர் அண்ணன்தான். சுவருக்குள் எங்கே தண்ணீர் கசிகிறது என்று தெரியாவிட்டால் மற்றவர்கள் சுவரை உடைப்பார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு விரலால் ஒரு இடத்தைத் தட்டி, "இங்க" என்பார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

அந்த "இங்க"வைத் தவிர அவர் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரை தட்டிவிடும். அவருக்குச் சேர்த்து அண்ணி பேசுவார். நானும் அண்ணியும் நடுவிலிருக்கும் பின்பக்கச் சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, வாசனை வந்த பிறகுதான் கலைவோம்.

"கல்லுளிமங்கன்கூடக் குடும்பம் நடத்துறேன், போ" என்பார் அண்ணி. "ஊர்ல உள்ள குழாயெல்லாம் இவரு கைபட்டு வாயடச்சுப் போச்சு. எங்க பின்வாசல் குழாயப் பாரு, திருகினா என்னமா கத்துது! எண்ணெய் விடுங்கன்னா, நாளைக்கிங்கறாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாளைக்குத்தான்."

நிஜம்தான். அந்தப் பித்தளைக் குழாயை இப்படி அரைத் திருகு, அப்படி அரைத் திருகு திருப்பினால் கீச் கீச்சென்று கத்தும். என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

அண்ணிக்குச் சிட்டுக்குருவி என்றால் உயிர். தினமும் காலையில் ஒரு கைப்பிடி குருணையைச் சுவரின் மேல் தூவுவார். பத்துப் பதினைந்து குருவிகள் வந்து ஒரே இரைச்சல் போடும். அவை போனதும் அண்ணி சுவரையும் கீழே தரையையும் துடைப்பத்தால் சுத்தமாகக் கூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தக் கூட்டலுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அப்போது எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

அவர்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. நாலு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று அண்ணி போனார். நாலு எட்டானது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தைகளுக்குச் சளி, ஒன்று சரியானால் இன்னொன்றுக்கு வயிறு. இப்போது மூன்றாவது வருஷம். இவரும் போயிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "ஒரு மாசம் போய்ட்டு வந்தேன்" என்றார். அவ்வளவுதான் பதில். பிறகு அண்ணி சொல்லித்தான் தெரிந்தது, அங்கே இருந்த ஒரு மாதமும் மனுஷன் மகள் வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒன்றுகூட ஒழுகவில்லை என்று வருத்தமாம்.

அண்ணி அங்கே இருப்பது பதினோராவது மாடி. ஜன்னலைத் திறக்க முடியாது. கண்ணாடிக்கு வெளியே பறவை பறந்தால்கூடச் சத்தம் உள்ளே வராது. அதனால் இங்கே காலை ஆறரைக்கு, அங்கே சாயங்காலம், போன் பண்ணுவார். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு முடித்ததும், "சரி, போன சுவத்துல வைங்க" என்பார். அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். குருவிகள் கத்தும். அண்ணி கேட்டுக்கொண்டே இருப்பார், பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். அண்ணி பக்கத்தில் நிற்பது போலவே நிற்பார்.

இந்த இடத்தில்தான் அவருடைய குழாய்ப் புத்தி வேலை செய்தது. பெரிய பைப் போட்டால் தண்ணீர் அதிகம் வரும் அல்லவா? அதே கணக்கில், தீனி கூடினால் குருவி கூடும், குருவி கூடினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இருப்பார் என்று நினைத்துவிட்டார். கைப்பிடி போய்ப் படியானது. மிச்சச் சோறு, ரொட்டித் துண்டு, நமத்துப்போன பிஸ்கட், எல்லாம் சுவரேறின. துடைப்பம் மூலையிலேயே நின்றது. குருவிகள் தின்றது போக மீதி முழுக்கச் சுவரடியில் குவிந்தது.

எலிக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒன்று வந்து பார்த்தது. பிறகு குடும்பத்தோடு வந்தது. அங்கே வயிறு நிறைந்ததும் பொழுதுபோக்குக்கு என் தையல் அறைக்கு வந்தன. ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குத் தைத்து மடித்து வைத்திருந்த பன்னிரண்டு பாவாடைகளின் இடுப்புப் பட்டியும் சல்லடை! ஒன்றை விரித்தால் அதன் ஓட்டை வழியாக என் முகம் எதிர்க் கண்ணாடியில் தெரிகிறது.

எனக்கு வந்ததே கோபம்! பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய்த் தெருவே கேட்கும்படி கத்தினேன். கத்தியதில் ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அண்ணிய அங்க அனுப்பிட்டு நீங்க இங்க எலிய வச்சுக் குடும்பம் நடத்துறீங்களாண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். உள்ளே போய் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து சுவரைக் கழுவினார். சுவரடியைக் கூட்டி அள்ளினார். அன்றோடு தீனியை அடியோடு நிறுத்திவிட்டார்.

மூன்று நாலு வாரத்தில் எலிகள் வேறு வீடு பார்த்துக்கொண்டன. ஆனால் குருவிகளும் போய்விட்டன. எனக்கு அது உறைக்கவே இல்லை. பாவாடை பிழைத்தது என்று மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆறரைக்குக் கொடியில் துணி எடுக்கப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் கீச், கீச், கீச்கீச். அட, குருவி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தால், அடக் கடவுளே! வாஷர் அண்ணன் பின்வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் போன். வலது கை குழாயை அரைத் திருகு இப்படி, அரைத் திருகு அப்படி. தண்ணீர் வரவில்லை, வால்வை மூடி வைத்திருக்கிறார். நடுவில் நிறுத்துகிறார், இரண்டு மூன்று தடவை வேகமாகத் திருகுகிறார், மறுபடி மெதுவாக. கண் மூடியிருக்கிறது.

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். போன் பேசி முடித்து அவர் எழுந்ததும் கேட்டேன்.

"என்னண்ணே பண்றீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி நின்றார். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டே, அவரைப் பொறுத்தவரை ஒரு பிரசங்கமே செய்தார்.

"குருவி வர்றதில்ல. ரெண்டு நாள் மழைன்னு சொன்னேன். மூணாம் நாள் அவ ரெண்டு நிமிஷத்துல வச்சுட்டா. நாலாம் நாளும் ரெண்டு நிமிஷம். எனக்குப் பேச வராதும்மா. குருவியும் இல்லன்னா அவ எதுக்கு லைன்ல இருப்பா?"

அப்படியென்றால் ஒரு மாதமாக மனுஷன் தினமும் குழாயைத் திருகிக் குருவியாகக் கத்திக்கொண்டிருக்கிறார். காரணம் யார்? பன்னிரண்டு பாவாடைக்காக வாயைத் திறந்த இந்த மகராசி.

"குருவிய நான் வர வைக்கிறேண்ணே" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வாய்தான் முந்திக்கொண்டதே.

இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். குருவி பறந்து வரும், எலி ஏறி வரும். ஆக, ஏற வழி இருக்கக் கூடாது. சுவர் வேண்டாம், கொடிக்கம்பம் வேண்டாம். என் தலைக்கு மேல் உயரமான இரும்புப் பைப் ஒன்றை தன் பின்முற்றத்துக்கு நட்ட நடுவில் ஊன்றி, உச்சியில் ஒரு தட்டைப் பொருத்தினார். எல்லாம் ஆன பிறகு பைப் முழுக்கக் கொழகொழவென்று கிரீஸ் தடவிவிட்டார். ஏறுகிற எலி வழுக்கி விழுமாம். குழாய்க்காரர் கையில் கிரீஸ் டப்பா இருந்தால் வேறு என்ன தோன்றும்?

மறுநாளே ஒரு குருவி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அது தட்டில் உட்காராமல் பைப்பைப் பற்றிக்கொண்டு தொங்கிப் பார்த்தது. எழுந்து பறந்தபோது வயிற்று இறகெல்லாம் கறுப்பாக ஒட்டிப்போயிருந்தது. தத்தித் தத்தி என் பக்கச் சுவரில் போய் விழுந்தது. நான் ஓடிப் போவதற்குள் எப்படியோ இறக்கையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்ததா என்று தெரியாது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பைப்பைப் பிடுங்கிப் போட்டு மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, சாயங்காலம் வரை தேய்த்துக் கொண்டிருந்தார்.

கிரீஸுக்குப் பதிலாக ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மறுபடி ஊன்றிய பைப்பில் குடை மாதிரிக் கவிழ்த்து, என் நெஞ்சு உயரத்தில் நிறுத்தினார். ஏறி வரும் எலி வாளிக்குள் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். தட்டுக்கு அடியில் அதைவிட அகலமாக இன்னொரு தட்டு, சிந்துவதைப் பிடிக்க. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. காலையில் ஒரே ஒரு கைப்பிடி குருணை, அண்ணியின் கைப்பிடி அளவு. மீதியிருந்தால் மதியத்துக்குள் தட்டையே கழற்றி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். குருணை மூட்டை இறுக மூடும் தகர டின்னுக்குள் போனது. பக்கத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எலி போய்க் கொசு வந்துவிடும். துடைப்பம் மூலையிலிருந்து வெளியே வந்தது.

எலி வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அது என் இலாகா. துணியில் கோடு போட்டுத் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளை எல்லாம் பொடியாக்கி, பைப்பைச் சுற்றி நீலமாகத் தூவி வைத்தேன். முதல் இரண்டு நாள் காலையில் குட்டிக் குட்டிக் கால் தடம். பைப் வரைக்கும் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் தடமே இல்லை. "பாத்தீங்களாண்ணே, துரைங்க கோச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க" என்றேன். அண்ணன் சிரித்தார். ஆனால் குருவி?

வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. ஆறரைக்கு அண்ணன் பைப்பைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். கீச், கீச். அப்புறம் ஒரு நாள் என் கொடியில் இரண்டு குருவிகள் உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பார்க்கின்றன, போகவில்லை.

"அண்ணே, நடுரோட்டுல இலை போட்டா நீங்க உக்காந்து சாப்பிடுவீங்களா? பருந்து வந்தா அதுங்க ஓடி ஒளிய ஒரு மறைவு வேணாமா?"

அன்றைக்கே பைப்பைப் பிடுங்கி, முற்றத்து மூலையில் இருக்கும் செம்பருத்திப் புதருக்கு மூன்று எட்டு தள்ளி நட்டார். குருவிக்கு ஒரு பறப்பு, எலிக்குத் தாவ எட்டாத தூரம். நாலாம் நாள் ஒன்று வந்தது. ஐந்தாம் நாள் ஐந்து. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணவே முடியவில்லை, ஒரே சந்தைக்கடை இரைச்சல்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது கெடுதலைச் செய்தேன்.

"அதான் நிஜக் குருவி வந்தாச்சேண்ணே, இன்னும் எதுக்கு அந்தக் குழாய் கத்தணும்? அண்ணி வரும்போது சத்தமில்லாம இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க? இந்தாங்க" என்று என் மெஷின் எண்ணெய்க் குப்பியைச் சுவர் வழியாக நீட்டினேன். வேண்டாமென்று சொல்லத் தெரிந்த மனுஷனா அவர்? மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயைக் கழற்றி, எண்ணெய் விட்டு, புது வாஷர் போட்டு மாட்டினார். திருகிக் காட்டினார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஆறரைக்குப் போன் வந்தது. நான் சுவரோரமே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போனைத் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் வைத்தார். குருவிகள் கொட்டி முழக்கின. அவர் கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"ஏங்க" என்றார் அண்ணி. "இன்னைக்கு நிஜக் குருவிதானே?"

அண்ணன் கட்டிய கையை அவிழ்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"முப்பத்தோரு வருஷம் அந்தக் குழாயத் திருகினவ நானா நீங்களா? முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்க" என்றார் அண்ணி. "குருவி யாருக்கு வேணா கத்தும். அந்தக் குழாய் எனக்காகக் கத்துச்சு. நீங்க குழாயடில உக்காந்திருக்கறது, கை திருகறது, நடுவுல மூச்சு விடறது, எல்லாம் தெரியும். இங்க வந்து இத்தன வருஷத்துல எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அந்த ரெண்டு மாசந்தான்." மூக்கை உறிஞ்சினார். "சரி, குருவி கேட்டாச்சு. இப்ப அதக் கொஞ்சம் திருகுங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அண்ணன் குழாயடிக்குப் போனார். போனைப் பக்கத்தில் வைத்தார். கத்தாது என்று தெரிந்தும் திருகினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒன்றும் இல்லை.

"எண்ணெய் விட்டுட்டேன்" என்றார். "காலைலதான்."

அண்ணி சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். "முப்பத்தோரு வருஷமா சொல்றேன், இன்னைக்குத்தான் விடணும்னு இருந்துச்சா? சரி, விடுங்க. பரவால்ல."

"கத்த வைக்கிறேன்."

"எப்ப? நாளைக்கா?"

"இப்பவே. வச்சிராத."

அந்த மனுஷன் வாயிலிருந்து "இப்பவே" என்று ஒரு வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். "நான் லைன்லயே இருக்கேன்" என்றார் அண்ணி. நான் முன்வாசல் வழியாகச் சுற்றி ஓடினேன், சோப்புத் தண்ணீரும் வெட்டு மிச்சத் துணிகளும் எடுத்துக்கொண்டு. "குப்பிய நீட்டினது நாந்தான் அண்ணி, என்னத் திட்டுங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். "உன்ன வந்து வச்சுக்கறேன்" என்றார் அண்ணி.

அண்ணன் குழாயைக் கழற்றினார். உள் தண்டை மண்ணெண்ணெயில் துடைத்தார், நான் சோப்பில் கழுவினேன், துணியால் ஒற்றி ஒற்றிக் காய வைத்தோம். காலையில் கழற்றிய பழைய வாஷர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதையே திரும்பப் போட்டார். ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் வாயடைக்க வைத்த கை, ஒரு குழாயைப் பேச வைக்கப் பாடுபட்டது. மாட்டி முடித்துத் திருகினார். சத்தமில்லை. மறுபடி. இல்லை. மூன்றாவது தடவை, கீச்.

அவ்வளவுதான், நிறுத்தவே இல்லை. தட்டில் இருந்த குருவிகள் விருட்டென்று செம்பருத்திக்குள் ஓடி ஒளிந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு திருகிக்கொண்டே இருந்தார், மெதுவாக, வேகமாக, மறுபடி மெதுவாக. மகள் வேலையிலிருந்து வந்திருப்பாள் போலிருக்கிறது, போனில் தூரத்தில் அவள் குரல் கேட்டது.

"என்னம்மா சத்தம் அது?"

"சும்மா இருடி" என்றார் அண்ணி. "உங்கப்பா பேசிட்டிருக்காரு."

நான் என் எண்ணெய்க் குப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.